ஜிம் மாறினால் பலம் குறைந்துவிடுமா?

வேலை மாற்றலாகி ஊர் மாறுகிறோம், பழைய ஜிம்மை மூடிவிடுகிறார்கள், வீட்டுப் பக்கத்திலேயே பெரிதாக ஒன்று திறக்கிறார்கள். காரணம் எதுவானாலும் புது ஜிம்மில் முதல் வாரம் பலருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. அங்கே சுலபமாகத் தூக்கிய எடை இங்கே மேலே ஏற மறுக்கிறது. பக்கத்து மிஷினிலோ அதற்கு நேர்மாறு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வைத்தாலும் கனமே தெரிவதில்லை. மறுநாள் காலை தொடை பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. இத்தனை நாள் உழைத்ததெல்லாம் வீணாகிவிட்டதோ என்று மனம் விட்டுப்போய், பத்துப் பதினைந்து நாளில் போவதையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. பணம் கட்டியிருப்பார்கள், ஷூவும் வாங்கியிருப்பார்கள், ஆனாலும் நின்றுவிடுவார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விளக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். வீடு மாற்றும் வேலையில் இரண்டு மூன்று வாரம் பயிற்சி விட்டுப்போனாலும் தசையின் பலம் பெரிதாகக் குறையாது. முதலில் இறங்குவது மூச்சுத் தாங்கும் திறன்தான். ட்ரெட்மில்லில் வழக்கமான வேகத்தில் இளைக்கிறது என்றால் அது நிஜமாகவே கொஞ்சம் குறைந்திருக்கும், சில வாரங்களில் திரும்பிவிடும். படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் எடையைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் 10 கிலோ குறைந்த மாதிரி இருந்தால் அதற்குக் காரணம் அநேகமாக வேறு.

எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

ஒருவர் பழைய ஜிம்மில் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு "சைடுக்கு இருபது", அதாவது ஒரு பக்கத்துக்கு 20 கிலோ பிளேட், போட்டார் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் இருக்கும் சின்ன ஜிம்களில் கணக்கு பெரும்பாலும் பிளேட்டை வைத்துத்தான். பிளேட்டை மாட்டும் ராட் எடையை யாரும் சேர்ப்பதில்லை. அந்த ராட் மெல்லியது, நீளமும் குறைவு. அது 10 கிலோ என்றால் அவர் தூக்கியது மொத்தம் 50 கிலோ. புது ஜிம்மில் இருப்பது ஒலிம்பிக் ராட். 2.2 மீட்டர் நீளம், பிளேட் மாட்டுவதற்கு முன்பே 20 கிலோ. பழக்கதோஷத்தில் அதிலும் "சைடுக்கு இருபது" மாட்டிக்கொண்டு படுக்கிறார். இப்போது நெஞ்சுக்கு மேல் இருப்பது 60 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பிளேட் அதேதான். எட்டு முறை தூக்கியவர் இரண்டாவது தடவையிலேயே "கொஞ்சம் சப்போர்ட் கொடுங்க" என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டிவரும். அவருடைய நெஞ்சும் தோளும் நேற்று இருந்த மாதிரியேதான் இருக்கின்றன.

பார்க்க அதே போலவே இருக்கும், ஆனால் 15 கிலோ எடையுள்ள இன்னொரு ராடும் உண்டு. பளுதூக்கும் போட்டிகளில் பெண்கள் பயன்படுத்துவது அது. சற்று மெல்லியது, நீளமும் கொஞ்சம் குறைவு. சந்தேகம் இருந்தால் மாஸ்டரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், ஜிம்மில் எடை பார்க்கும் மெஷின் கட்டாயம் இருக்கும். வெறுமனே ஒருமுறை, ராடைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை ஏறி நின்றால் வித்தியாசம் தெரிந்துவிடும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது பவுண்டு. வெளிநாட்டில் இருந்து வந்த மிஷின்களில் எடை பவுண்டில் எழுதியிருக்கும். 100 பவுண்டு என்றால் ஏறக்குறைய 45 கிலோ. சில மிஷின்களில் 1, 2, 3 என்று வரிசை எண் மட்டும்தான் இருக்கும், அது எடையே கிடையாது.

கேபிள் மிஷின்தான் எல்லாவற்றையும்விட அதிகம் குழப்பும். கேபிள் நிலையான கப்பி வழியாக நேரே எடைக்கட்டோடு இணைந்திருந்தால் எடைக்கட்டில் 20 கிலோ துளையில் ஊசியைச் செருகினால் கையில் 20 கிலோ வரும். எடைக்கட்டின் மேலேயே ஒரு நகரும் கப்பி இருந்து, கேபிள் அதைச் சுற்றிப் போனால் கையில் வருவது பாதி, அதாவது 10 கிலோதான். இரண்டு பக்கமும் கைப்பிடி உள்ள மிஷின்களில் இந்தப் பாதிக் கணக்கு சகஜம். எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. குறைந்த எடை வைத்து, கைப்பிடியை ஒரு அடி இழுத்து, எடைக்கட்டு எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். அதுவும் ஒரு அடி உயர்ந்தால் எழுதியிருக்கும் எடை அப்படியே கைக்கு வருகிறது. அரை அடிதான் உயர்ந்தது என்றால் பாதி எடை. இதோடு கப்பியின் உராய்வும் சேரும். எண்ணெய் காணாத பழைய கேபிளில் 30 கிலோ இழுத்தவருக்குப் புதிய மிஷினில் 30 கிலோ பஞ்சாக இருக்கும்.

எடையைக் காலால் தள்ளும் சாய்வான லெக் பிரஸ்ஸிலும் இப்படித்தான். தண்டவாளம் 45 டிகிரி சாய்ந்திருந்தால், மாட்டிய 100 கிலோவில் காலுக்கு வருவது சுமார் 71 கிலோ. மீதியைத் தண்டவாளம் தாங்கிக்கொள்கிறது. அதன் மேல், பிளேட் மாட்டும் வண்டியின் சொந்த எடை வேறு, அது ஒவ்வொரு மிஷினுக்கும் ஒவ்வொரு மாதிரி. ராட் தண்டவாளத்திலேயே மேலும் கீழும் போகும் ஸ்மித் மிஷினில் ராடின் எடையைக் குறைக்க உள்ளே எதிர் எடை தொங்கவிட்டிருப்பதும் உண்டு. ஆக, லெக் பிரஸ்ஸில் 200 கிலோ தள்ளினேன் என்று சொல்வதற்கு, எந்த மிஷினில் என்று சொல்லாமல் அர்த்தம் கிடையாது.

இதனால்தான் ஜிம் மாறினால் நோட்டையும் மாற்றச் சொல்கிறேன். பழைய நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம், ஆனால் புது ஜிம்முக்குப் புதுப் பக்கத்தில் தொடங்குங்கள். எடையை மட்டும் எழுதாமல் எந்த மிஷின், சீட் எத்தனையாவது துளையில், கைப்பிடி அகலமா குறுகலா என்பதையும் எழுதுங்கள். சீட் ஒரு துளை மாறினாலே, மேலிருந்து கம்பியை இழுக்கும் லேட் புல்டவுன் வேறு பயிற்சியாகிவிடும்.

உடல் எதைக் கற்றுக்கொள்கிறது

எண்களைச் சரிசெய்த பிறகும் சில பயிற்சிகள் தடுமாறும். இது நிஜமான தடுமாற்றம். பலம் என்பது தசையின் பருமன் மட்டுமல்ல. எந்தத் தசை நார்களை, எந்த வரிசையில், எவ்வளவு வேகமாக வேலைக்குக் கூப்பிடுவது என்று நரம்புகள் பழகியிருக்கும் பழக்கமும் அதில் சேர்ந்ததுதான். பல வருடம் பைக் ஓட்டியவரும் வேறொருவர் பைக்கை எடுத்தால் முதல் சிக்னலில் கிளட்ச் பிடிபடாமல் வண்டியை ஆஃப் ஆக்கிவிடுவார் இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும்.

மொரிடானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-ல் இதை அளந்து காட்டினார்கள். புதிதாகப் பயிற்சி தொடங்குகிறவரின் பலம் முதல் சில வாரங்களில் கூடுவது பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால். மூன்று முதல் ஐந்து வாரத்துக்குப் பிறகுதான் தசை வளர்ச்சியின் பங்கு மேலோங்குகிறது. புதிய மிஷினில் உட்காரும்போது, அந்த ஒரு அசைவைப் பொறுத்தவரை, அனுபவசாலியும் கொஞ்சம் புதியவர்தான். ஸ்மித் மிஷினில் ஸ்குவாட், அதாவது தோளில் ராடோடு உட்கார்ந்து எழுவது, செய்தவர் சுதந்திரமான ராடுக்கு மாறினால் தொடைக்குப் பலம் இருக்கும், ஆனால் ராட் முன்னே பின்னே போகாமல் பிடித்து நிறுத்துவதை இடுப்பும் முதுகும் கற்றிருக்காது. தண்டாலும் பஸ்கியும் எடுத்துப் பழகியவர் மிஷினுக்கு வந்தாலும், மிஷினில் பழகியவர் தண்டால் எடுத்தாலும் இதே கதைதான்.

இதில் நல்ல சேதி ஒன்றும் இருக்கிறது, கூடவே ஒரு எச்சரிக்கையும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் எடைகள் மளமளவென்று ஏறும். தசை அவ்வளவு வேகமாக வளரவில்லை, அசைவு பழகிவிட்டது, அவ்வளவுதான். அந்த வேகத்தை நம்பி வாரம் ஒரு பிளேட் ஏற்றிக்கொண்டே போனால் இடிபடுவது தசைநாண்கள். தசையை எலும்போடு கட்டும் அந்த நார்கள் தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். ஜிம் மாறி ஒன்றிரண்டு மாதத்தில் முழங்கையிலோ, தோள்பட்டையின் முன்பக்கமோ குத்துவலி வந்தால், அநேகமாக இப்படி அவசரப்பட்டு ஏற்றியதுதான் காரணமாக இருக்கும்.

அப்படியானால் எதில் தொடங்குவது? இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, இன்றும் அதைவிடச் சுலபமானது கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவில் இருந்த கார்டினர் ராணுவ மருத்துவமனையில், காலில் காயம்பட்ட வீரர்களுக்குப் படிப்படியாக எடை ஏற்றிப் பயிற்சி கொடுத்தவர் டாக்டர் தாமஸ் டிலார்ம். 1945-ல் அதை எழுதி வெளியிட்டார். அதுவரை நோயாளிகளைக் கனமாகத் தூக்கவிட மருத்துவர்கள் தயங்கினார்கள். 1948-ல் வாட்கின்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து அவர் சுருக்கிக் கொடுத்த முறை மூன்று செட். ஒருவர் ஒழுங்காகப் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடை எதுவோ அதில் பாதி எடையில் பத்து, முக்கால் எடையில் பத்து, முழு எடையில் பத்து. இன்று எந்த ஜிம்மில் கேட்டாலும் சொல்லும் "மூணு செட், பத்து கவுன்ட்" இந்த வழியில் வந்ததுதான்.

புது ஜிம்மில் இதை அளவுகோலாகவே பயன்படுத்தலாம். பழைய நோட்டில் இருக்கும் எடையில் பாதி வைத்து முதல் செட் செய்யுங்கள். சுலபமாகப் போனால் முக்கால். அதுவும் ஃபார்ம், அதாவது செய்யும் முறை, கெடாமல் வந்தால், முழு எடைக்குப் போகாமல் அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்கள். முதல் வாரம் ஒவ்வொரு செட் முடியும்போதும் "இன்னும் மூன்று நான்கு செய்திருக்கலாம்" என்று தோன்ற வேண்டும். இந்தக் கணிப்பு ஒன்றுதான் எந்த ஜிம்முக்குப் போனாலும் கூடவே வருவது. பிளேட்டும் கப்பியும் மாறினாலும், இன்னும் எத்தனை முறை மிச்சம் இருக்கிறது என்று உடல் சொல்வது மாறாது.

அந்த இரண்டாம் நாள் வலி

வெள்ளியங்கிரி ஏறியவர்களுக்குத் தெரியும். ஏறும்போது மூச்சுத்தான் முட்டும். தொடை நடுங்குவது இறங்கும்போது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே பெரும்பாடாக இருக்கும். தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்வதைவிட, பாரத்தைத் தாங்கியபடி நீளும்போதுதான் அதன் நார்களில் நுண்ணிய சேதம் அதிகம். படி இறங்குவது, ஸ்குவாட்டில் கீழே போவது, டம்பெல்லை மெதுவாக இறக்குவது எல்லாம் இந்த வகை. வலி உடனே வராது. அரை நாள், ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கிவிடும். தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியலாளர் 1902-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்.

லாக்டிக் ஆசிட் தங்கிவிட்டதால் வருகிற வலி என்று ஜிம்மில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. பயிற்சியின்போது கூடும் லாக்டேட் ஒரு மணி நேரம் போல ஆனதும் பழைய அளவுக்கு வந்துவிடும். இரண்டு நாள் கழித்து வலிக்க அது அங்கே இருக்காது.

இந்த வலியில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒருமுறை வலித்த அதே பயிற்சியைச் சில வாரங்களுக்குள் மறுபடி செய்தால் இரண்டாவது முறை வலி வெகுவாகக் குறைந்துவிடும். உடல் ஒரே தடவையில் பாதுகாப்பு எடுத்துக்கொள்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பெற முதல் நாளே முழுதாகச் செய்து துடிக்கத் தேவையில்லை, கொஞ்சமாகச் செய்தாலும் கிடைக்கும். அதனால் முதல் வாரம் வழக்கமான செட்டில் பாதி போதும். நான்கு செட் செய்பவர் இரண்டு செய்யட்டும். "நல்லா வலிச்சாதான் வேலை செஞ்சதா அர்த்தம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதிதாகச் செய்யும் எதுவும் வலிக்கும், பழகிய நல்ல பயிற்சி வலிக்காது. வலியை வைத்துப் பயிற்சியை மதிப்பிட முடியாது.

சாதாரண வலியாக இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு, அல்லது பழக்கமே இல்லாத பயிற்சியை, முதல் நாளே நூற்றுக்கணக்கில் செய்பவர்களுக்கு அரிதாகத் தசை நார்கள் பெருமளவில் உடைந்து அதன் புரதம் ரத்தத்தில் கலந்துவிடும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். வெயிலும் தண்ணீர் குறைவும் சேர்ந்தால் ஆபத்து கூடும். கை மடக்க முடியாத அளவுக்கு வீங்கி, சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி மாத்திரை போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது.

ஷெட்யூல் மாறும்போது

புது ஜிம்மில் சேர்ந்த அன்றே மாஸ்டர் ஒரு அட்டையில் புது ஷெட்யூல் எழுதிக் கொடுப்பார். "பழசையெல்லாம் விடுங்க, இதைப் பண்ணுங்க" என்பார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் என் உறுதியான கருத்து, இடத்தையும் ஷெட்யூலையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்து மாறினால், வலி வந்தாலும் சரி எடை குறைந்தாலும் சரி, எதனால் என்று பிடிபடாது. முதல் மூன்று நான்கு வாரம் பழைய ஷெட்யூலையே புது இடத்தில் செய்யுங்கள். "இந்த மாசம் பழகிக்கிறேன் மாஸ்டர், அடுத்த மாசத்துல இருந்து நீங்க சொல்றதைப் பண்றேன்" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய ஜிம்மில் இருந்த கருவி இங்கே இல்லையென்றால் அசைவை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். எந்த ஷெட்யூலை எடுத்தாலும் அடிப்படையில் தள்ளுவது, இழுப்பது, உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது என்ற நான்குக்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். பெஞ்ச் பிரஸ் ராட் காலியாகவே இல்லையா, டம்பெல் பிரஸ் செய்யலாம். அதில் இரண்டு டம்பெல்லும் சேர்ந்த எடை, ராடில் தூக்குவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு கையும் தனித்தனியாகச் சமாளிக்க வேண்டியிருப்பதால் அப்படி, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அப்புறம் உண்மையான ஷெட்யூல் மாற்றம். நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான்: திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக் என்று வாரம் ஆறு நாள் போனவர், புது வேலையில் நேரம் இல்லாமல் வாரம் மூன்று நாள் முழு உடம்புக்கும் என்று மாறுகிறார். பாதியாகக் குறைந்துவிட்டதே என்று வருத்தப்படுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்களன்று நெஞ்சுக்குப் பன்னிரண்டு செட் செய்தார். இப்போது மூன்று நாளும் நான்கு நான்காகச் செய்தால் அதே பன்னிரண்டு. வாரத்தின் மொத்த செட் ஒன்றாக இருந்தால், அதை ஒரே நாளில் செய்தாலும் பிரித்துச் செய்தாலும் தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பழைய முறையில் ஒன்பதாவது செட்டுக்கு வரும்போது நெஞ்சு ஏற்கெனவே களைத்திருக்கும், எடையைக் குறைத்துத்தான் செய்திருப்பார். இப்போது எல்லாமே தெம்பாக இருக்கும்போது செய்வதால் அதே செட்டில் கூடுதல் எடைகூட வரும். சங்கடம் வேறு இடத்தில் வரும்: ஸ்குவாட்டும், தரையிலிருந்து ராடைத் தூக்கும் டெட்லிஃப்ட்டும் ஒரே நாளில் விழுந்தால் கடைசியில் செய்வது தொய்ந்துபோகும். எது உங்களுக்கு முக்கியமோ அதை முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் வெயிலும்

மாலையில் போய்க்கொண்டிருந்தவர் காலை ஐந்தரைக்கு மாறினால் எடைகள் சற்றுக் குறைவது இயல்பு. உடலின் வெப்பம் பிற்பகலிலும் மாலையிலும்தான் கூடுதலாக இருக்கும், பலமும் அப்போதுதான் கூடுதலாக வெளிப்படும். தொடர்ந்து காலையிலேயே பயிற்சி செய்து வந்தால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் சரியாகிவிடும். காலையில் வார்ம்-அப் நேரத்தை மட்டும் கூட்டுங்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை ஏற்றுக்கொண்டு உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிந்து எடை தூக்குவது முதுகுக்கு நல்லதல்ல. டெட்லிஃப்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் நேரத்தை மாற்றும்முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாலைப் பயிற்சிக்குப் பிறகு இரவில் சர்க்கரை இறங்கிவிடும் வாய்ப்பு உண்டு, தூக்கத்தில் அது தெரியாமல் போய்விடும்.

ஏசி ஜிம்மில் இருந்து தகரக் கூரை ஜிம்முக்கு மாறுகிறவர்களுக்குத்தான் உண்மையான சோதனை, அதுவும் சித்திரை வைகாசியில். வெக்கைக்கு உடல் பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதே வேலைக்கு இதயம் மெதுவாகத் துடிக்கும். அதுவரை செட்டுகளுக்கு நடுவில் ஓய்வைக் கூட்டி, மொத்த நேரத்தைக் குறைத்துக்கொள்வதுதான் சரி. வியர்வையில் உப்பும் போவதால் பயிற்சி முடிந்து உப்புப் போட்ட மோர் குடிப்பது நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். தலை சுற்றினாலோ, குமட்டினாலோ, உடம்பு சில்லென்று ஆனாலோ அன்றைக்கு நிறுத்திவிட வேண்டியதுதான். வியர்வை நின்று உடம்பு கொதித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பழக்கம் ஏன் அறுந்துபோகிறது

தசையைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், ஜிம் மாறியவர்கள் விட்டுவிடுவதற்குத் தசை காரணமாக இருப்பது குறைவு. வெண்டி வுட் என்ற உளவியலாளர் 2005-ல் தன் குழுவோடு ஒரு ஆய்வு வெளியிட்டார். ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களின் உடற்பயிற்சி, செய்தித்தாள் படிப்பது, டிவி பார்ப்பது ஆகிய மூன்று பழக்கங்களையும் கவனித்தார்கள். சூழல் பழையபடி இருந்தால் பழக்கமும் தொடர்ந்தது. சூழல் மாறினால் பழக்கம் கலைந்தது. அதன் பிறகு அவர்கள் செய்ததும் செய்யாததும் மனதில் என்ன நினைத்திருந்தார்களோ அதைப் பொறுத்து இருந்தது. பழைய ஜிம்முக்கு நீங்கள் யோசித்துப் போகவில்லை. ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் இருந்து இறங்கினால் கால் அந்தத் தெருவுக்குத் தானே திரும்பும். ஒருநாள் போகாவிட்டால் மாஸ்டர் "என்ன தம்பி, நேத்து ஆளைக் காணோம்?" என்று கேட்பார். புது ஜிம்மில் அந்தத் தெருவும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. தினமும் நீங்களேதான் முடிவெடுத்துப் போக வேண்டியிருக்கிறது. அது நிஜமாகவே கஷ்டம், சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

கனடாவில் புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து கௌஷல், ரோட்ஸ் என்ற இருவர் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் நான்கு முறையாவது, ஆறு வாரம் போனவர்களுக்குத்தான் பழக்கம் ஊன்றியது. பயிற்சி சிக்கலில்லாமல் இருப்பதும் உதவியது. அதனால் இந்த ஆறு வாரத்தில் பலத்தைக் கூட்டுவதைவிட வருகையைக் கூட்டுவதில் கவனம் வையுங்கள். நேரம் இல்லாத அன்று இருபது நிமிடம் போய் இரண்டு பயிற்சி செய்துவிட்டு வந்தாலும் அது ஒரு வருகைதான். பழைய வழக்கத்தில் ஏதாவது ஒன்றையாவது விடாமல் வைத்திருங்கள்: அதே நேரம், அதே முதல் பயிற்சி, அல்லது போகும் வழியில் குடிக்கும் அதே டீ.

ஆட்களிடம் பழகுவதும் சேர்ந்ததுதான். "அண்ணா, இன்னும் எத்தனை செட் இருக்கு? நடுவுல நானும் பண்ணிக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுப்பார்கள். தினம் ஒரே நேரத்தில் போனால் இரண்டு வாரத்தில் நாலு பேர் முகம் பழகிவிடும், அப்புறம் நீங்கள் வராத நாளை அவர்கள் கவனிப்பார்கள்.

பெண்களுக்கு இதில் கூடுதலாகச் சில சிக்கல்கள் உண்டு. பல சின்ன ஜிம்களில் "லேடீஸ் டைம்" என்று முற்பகலில் ஒதுக்கியிருப்பார்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்த நேரத்தால் எந்தப் பயனும் இல்லை. பொது நேரத்தில் போவதாக இருந்தால், நீங்கள் நிஜமாகப் போகப்போகிற அதே நேரத்தில் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டுச் சேருங்கள். மதியம் காலியாக இருந்த இடம் மாலை ஏழு மணிக்கு வேறு மாதிரி இருக்கும். ஃபார்ம் திருத்துகிறேன் என்று மாஸ்டர் தொட்டுச் சரிசெய்ய வந்தால், "வாயால சொல்லுங்க சார், நானே மாத்திக்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதை மதிக்காத ஜிம்மில் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள்.

எடையை எப்போது ஏற்றுவது

முதல் வாரம் பாதி செட், குறைந்த எடை. இரண்டாம் வாரம் அதே எடை, முழு செட். மூன்றாம் வாரத்தில் இருந்து, இரண்டு மூன்று முறை மிச்சம் இருக்கும் அளவுக்கு எடையைக் கொண்டுவாருங்கள். நான்காம் வாரம் முடியும்போது புது நோட்டில் நம்பக்கூடிய எண்கள் இருக்கும். இனி ஒப்பிடுவதெல்லாம் அவற்றோடுதான்.

அதன் பிறகு ஏற்றுவதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் எளிய விதி ஒன்று: கடைசி செட்டில் குறித்ததைவிட இரண்டு முறை கூடுதலாக, அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாட்களிலும் செய்ய முடிந்தால் எடையை ஏற்றலாம். எவ்வளவு ஏற்றலாம் என்பது ஜிம்மில் இருக்கும் மிகச் சிறிய பிளேட்டைப் பொறுத்தது. 2.5 கிலோதான் சிறியது என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து 5 கிலோ ஒரேயடியாக ஏறும். ஸ்குவாட்டில் அது சமாளிக்கக்கூடியதுதான். 30 கிலோ ஷோல்டர் பிரஸ் செய்பவருக்கு அது ஆறில் ஒரு பங்கு. அந்த மாதிரி இடத்தில் எட்டு முறையில் இருந்து பன்னிரண்டு முறை வரை எண்ணிக்கையை ஏற்றிவிட்டு, பிறகு எடையைத் தொடுங்கள். 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி இருக்கிறதா என்று மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் விளையாட்டுச் சாமான் கடையில் பிளேட்டின் துளை அளவைச் சொல்லி ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம்.